பிடித்து வைத்த கைகள்

பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது என் வேலை. மணி என்றால் கோயில் மணி மாதிரி இல்லை. ஒன்றரை அடித் தண்டவாளத் துண்டு. மாடிப்படிக்குக் கீழே கம்பியில் தொங்கும். இரும்புத் தடியால் அடிக்க வேண்டும். காலை ஒன்பதுக்குப் பிரேயர், அப்புறம் ரீசஸ், சாப்பாடு, சாயங்காலம் வீட்டுக்கு. ஒரு நாளைக்கு நாலு தடவை. மற்ற நேரத்தில் பெருக்குவேன், தண்ணீர் ரொப்புவேன், சின்னப் பிள்ளைகளை பாத்ரூம் கூட்டிப் போவேன்.

பள்ளி ஆஸ்டின் டவுனில் இருந்தது. மாடி வீட்டைப் பள்ளியாக்கி இருந்தார்கள். விளையாட இடம் இல்லை. வாசலில் கொஞ்சம் சிமெண்டுத் தரை, ஒரு குழாய், ஒரு கேட். இங்கிலீஷ் மீடியம். ஊர் கன்னட ஊர், ஆனால் வந்த பிள்ளைகளில் பாதி தமிழ்ப் பிள்ளைகள். பெயிண்டர், ஆட்டோக்காரர், கார்மெண்ட்ஸுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

நான் கோலார் தங்கவயல்காரி. அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. நான் ஐந்தாவது வரை படித்தேன். தொண்ணூற்றொன்றில் கல்யாணம் ஆகி இங்கே வந்தேன். வீட்டுக்காரர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். ஒரு மகன். பள்ளியில் ஆயா வேலை கிடைத்து மூன்று நாலு வருஷம் ஆன பிறகு நடந்தது இது. இதை நான் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகும் சுலபமாகவில்லை.

அந்தப் பெண் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். ஆறு வயசு. சுருட்டை முடி. அம்மாவுக்கு ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. கம்பெனி வேன் எட்டு மணிக்கு வந்துவிடும். அதனால் ஏழே முக்காலுக்கே பிள்ளையைக் கேட்டில் என்னிடம் விட்டுவிட்டு ஓடுவாள். அப்பா ஆட்டோ ஓட்டினார். அவர் விடியும் முன்பே போய்விடுவார்.

ஒன்பது மணி வரை அந்தப் பெண்ணும் நானும்தான். அவள் குழாய்ப் பக்கத்தில் உட்காருவாள். சோடா மூடிகள் வைத்திருப்பாள். அதை வரிசையாக வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். ஒன்று கோணலாக இருந்தால் முதலில் இருந்து ஆரம்பிப்பாள். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். பேச்சும் அதிகம் கிடையாது. "தண்ணி", "வேணா", "அம்மா வரும்", "ஆயா". இவ்வளவுதான். "அம்மா வரும்" என்று மட்டும் ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை சொல்லுவாள். நானும் "வரும் கண்ணு, வரும்" என்று நாற்பது தடவை சொல்லுவேன். என் பெருக்கும் வேலைக்கு அது ஒரு தாளம் மாதிரி ஆகிவிட்டது.

அவளுக்கு மணி ஆகாது.

நான் தடியை எடுக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். மூடிகளை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்துவாள். மணி அடித்ததும் கத்துவாள். தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள். ஒரு நாள் ரீசஸ் மணிக்கு கேட்டைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஒரு ஆட்டோ அவளை ஒட்டி நின்றது. டிரைவர் இறங்கி என்னைத்தான் திட்டினான்.

"ஏன் ஆயா, கண்ணு பொடனிலயா கீது? புள்ளைய அவுத்து வுட்டுட்டு நிக்கிற."

மறுநாள் பெரிய மிஸ் பிள்ளையின் அம்மாவை வரச் சொன்னார். பெரிய மிஸ் என்றால் ஹெட்மிஸ்ட்ரஸ். நான் டீ டம்ளர் எடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"இங்க பாரும்மா. மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னு வேற ஸ்கூல் இருக்கு. நான் டி.சி. குடுத்துடறேன்."

"எந்த ஸ்கூல் மிஸ்? நானும் நாலு எடம் போயிட்டு வந்துட்டேன். ஒருத்தரும் சேத்துக்கல. ஒரு மாசம் டைம் குடுங்க மிஸ். நான் பயத்த தெளிய வெக்கறேன்."

"எப்டி தெளிய வெப்பே?"

தர்காவில் மந்திரித்த கயிறு ஏற்கனவே பிள்ளை கையில் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. "என்கிட்ட வுடுங்க மிஸ். வெறும் மணி பயம்தான. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பெரிய மிஸ் சிரித்தார். "சரி ஆயாம்மா. நீங்களே டாக்டர்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எனக்கு அந்த வைத்தியம் தெரியும். தங்கவயலில் சுரங்கச் சங்கு ஊதும். ஷிப்டு மாறும்போது ஊதும். எங்கள் லைன் வீடு சங்குக்கு ரொம்பக் கிட்டே. ஊதினால் தகரக் கூரை நடுங்கும். கீழே பாறை வெடித்தால் அலமாரித் தட்டு உருண்டு விழும். அங்கே சத்தத்துக்குப் பயந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. எனக்கு நாலு வயசில் சங்குப் பயம் இருந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சங்குக்கு அடியிலேயே நிற்க வைத்தார். நான் காதை மூடினேன். இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினார். "கேளு. நல்லா கேளு. கடிச்சிச்சா உன்ன?" என்றார். சங்கு ஊதியது. நான் மூத்திரம் போய்விட்டேன். நாலாம் நாள் அழவில்லை. லைனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் செய்தார்கள். என் மகனுக்குப் பட்டாசுப் பயம் வந்தபோது நானும் இதையே செய்தேன். அவனுக்கும் தெளிந்தது.

அதனால் எனக்குச் சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்பே அவளை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப் போனேன். முதுகைச் சுவரோடு சேர்த்து நிற்க வைத்தேன். இரண்டு மணிக்கட்டும் என் இடது கையில் அடங்கிவிட்டன. அவ்வளவு சின்னக் கை. வலது கையால் மணி அடித்தேன். அவள் தலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை.

"கேளு கண்ணு. கடிச்சிச்சா? கடிக்கல பாரு."

என் அப்பா சொன்ன அதே வார்த்தை.

அவள் கத்தினாள். என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை. ஒன்றாம் வகுப்பு மிஸ் படியில் நின்று பார்த்தாள். சின்னப் பெண். அப்போதுதான் டிரெயினிங் முடித்து வந்திருந்தாள்.

"ஆயாம்மா, பாவம் ஆயாம்மா."

"நாலு நாளைக்கு அழுவும் மிஸ். அப்புறம் தெளிஞ்சிடும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நாலு நாளில் தெளியவில்லை. மூன்று வாரம் ஆனது. ஒரு நாளைக்கு நாலு தடவை. மூன்றாவது வாரம் கத்துவது நின்றது. அப்புறம் என் கையை இழுப்பதும் நின்றது. ஒரு நாள் நான் பிடிக்காமலே விட்டுப் பார்த்தேன். கையைக் கீழே தொங்கவிட்டு, சுவரை ஒட்டி, நேராக நின்றாள். மணி அடித்தேன். கண்கூடச் சிமிட்டவில்லை.

பெரிய மிஸ் எல்லா மிஸ்களையும் கூப்பிட்டுக் காட்டினார். "ஆயாம்மா கை வெச்சா சரியா பூடுது பாருங்க." எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். வழக்கமாக நான்தான் அவருக்கு வாங்குவேன்.

அம்மா கேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னா பண்ணீங்க ஆயாம்மா?"

"அது எங்க ஊரு வைத்தியம். வெளிய சொன்னா பலிக்காது" என்று சிரித்தேன். விளையாட்டாகச் சொன்னதுதான். அவள் அந்த மாசம்தான் ஓ.டி., அதாவது ஓவர்டைம், போக ஆரம்பித்திருந்தாள். அந்தக் காசு வந்தபோது எனக்கு ஒரு புடவை வாங்கி வந்தாள். ஊதா நிறம். மஞ்சள் கரை. அவ்வளவு நல்ல புடவை என்னிடம் அதுவரை இல்லை.

கொஞ்ச நாளில் ஒன்று கவனித்தேன். காலையில் பெருக்கும்போது தாளம் இல்லை. "அம்மா வரும்" இல்லை. நானே சொல்லிப் பார்த்தேன். "அம்மா வரும் கண்ணு." அவள் சோடா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை வரிசையாக வைக்கவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். தண்ணீர் வேண்டும் என்றால் குழாயைப் பார்ப்பாள். ஒண்ணுக்கு வந்தால் அங்கேயே போய்விடுவாள். இருந்த நாலு வார்த்தையும் போய்விட்டது. ஆயா என்கிற வார்த்தையும் போய்விட்டது.

நான் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. புத்தி வந்துவிட்டது, அடக்கமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

ஜனவரி மாதம் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த மாதிரிப் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு நாள் டிரெயினிங். சனி, ஞாயிறு. பள்ளியில் இருந்து இரண்டு பேர், வீட்டில் இருந்து ஒருவர் வரலாம். ஃபீஸ் கிடையாது. சாப்பாடு உண்டு. மிஸ்கள் யாருக்கும் ஞாயிற்றுக்கிழமையை விட மனசில்லை. கடைசியில் ஒன்றாம் வகுப்பு மிஸ்ஸையும் என்னையும் அனுப்பினார்கள்.

"ஆயாம்மாவே போகட்டும். அவங்கதான எக்ஸ்பர்ட்டு" என்றார் பெரிய மிஸ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரிச்மண்ட் டவுன் பக்கம் ஒரு ஹால். ஐம்பது பேர் இருப்போம். நான் அந்த ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். பெண்ணின் அம்மாவும் வந்திருந்தாள். ஞாயிறு ஓ.டி.யை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். என் புடவையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மிஸ்.

நடத்தியவர் ஒரு உயரமான அம்மா. காட்டன் புடவை. கன்னடத்தில் பேசினார். நடுவில் இங்கிலீஷ். எங்களைப் பார்த்தால் கொஞ்சம் தமிழ். ஆட்டிசம் என்கிற வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். இது நோய் இல்லை, பேய் இல்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை, அந்தப் பிள்ளைகளின் மூளை உலகத்தை வேறு மாதிரி வாங்குகிறது என்றார். நான் பாதி கேட்டேன். பாதி நேரம் சாப்பாடு என்ன என்று யோசித்தேன்.

அப்புறம் ஒரு விளையாட்டு என்றார். எல்லோருக்கும் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்தார். எழுதுகிற கையில் எழுதக் கூடாது. மற்ற கையில் வீட்டு விலாசம் எழுத வேண்டும். நாங்கள் எழுதும்போது டேப் ரெக்கார்டரைப் போட்டார்கள். குக்கர் விசில், மிக்ஸி, லாரி ஹாரன், பள்ளி மணி, நாய், எல்லாம் ஒரே நேரத்தில். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். கூட இருந்த ஒரு பெண் பாத்திரம் தேய்க்கும் நாரால் ஒவ்வொருவர் பிடரியிலும் உரசிக்கொண்டே போனாள். இன்னொருத்தி முகத்தில் டார்ச் அடித்தாள். அந்த அம்மா கத்தினார்: "பேக பேக! சீக்கிரம்! இன்னும் எழுதலியா? மூஞ்சிய பாத்து பதில் சொல்லுங்க!"

எனக்குத் தலை சுற்றியது. இடது கையில் பேனா நிற்கவில்லை. இதே இடது கை. பேனாவைப் போட்டுவிட்டுக் காதை மூடினேன்.

டேப்பை நிறுத்தினார்கள்.

"என்ன பண்ணணும்னு தோணிச்சு?" என்று கேட்டார்.

"எந்திரிச்சி ஓடணும் போல இருந்துச்சு மேடம்" என்றார் ஒரு வயசான வாத்தியார். இன்னொருத்தி, "டேப்ப ஒடைக்கணும்னு தோணிச்சு." சிரிப்பு.

"நிறைய பேர் காதை மூடினீங்க. அப்ப நான் வந்து உங்க கைய ரெண்டையும் பிடிச்சு கீழ எறக்கி இருந்தா?"

யாரும் சிரிக்கவில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார். கன்னடத்தில் சொன்னார், எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. காதை மூடுவது அந்தப் பிள்ளை தனக்குத் தானே கண்டுபிடித்த மருந்து. அதைப் பிடுங்கினால் பயம் போகாது. பிள்ளைதான் உள்ளே போய்விடும். கத்துவது நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நமக்கு நிம்மதி. அதற்கு நிம்மதியா என்று பாருங்கள்.

நான் மடியில் என் கையைப் பார்த்தேன். அவள் கடித்த தழும்பு கட்டை விரலுக்குக் கீழே இருந்தது. முந்தானையை அதன்மேல் இழுத்துவிட்டேன்.

அப்போது பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள்.

அவள் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. "மேடம், எங்க ஸ்கூல்ல அப்டி இல்ல மேடம். என் பொண்ணுக்கு மணின்னா அவ்ளோ பயம். எங்க ஆயாம்மா ஒரு அடி அடிக்காம பயத்த போக்கிட்டாங்க. இப்ப மணி அடிச்சா சும்னே நிக்கறா. ஞாயித்துக்கெழமை வூட்ல கூட, கரெக்டா ஒம்பது மணியானா செவுத்துல சாஞ்சிகினு கைய கீழ வுட்டுட்டு நேரா நிக்கறா மேடம். பிரேயர்னு நெனச்சிகினு. அவ்ளோ டிசிப்ளின்."

ஞாயிற்றுக்கிழமை நிற்பது எனக்கு அதுவரை தெரியாது.

அந்த உயரமான அம்மா என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஆர்வம்தான் இருந்தது. சந்தேகம் இல்லை. "ஹேளி அம்மா. நீங்களே சொல்லுங்க. எப்படிப் பண்ணீங்க?"

ஐம்பது தலை என்னைப் பார்த்தது. மிஸ் நோட்டுப் புத்தகத்தில் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும்.

நான் எழுந்தேன். சொல்லியிருக்கலாம். அந்த இடம் அதற்காகவே இருந்தது. அங்கே சொல்லியிருந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அப்போதே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

"அன்பா சொன்னேன் மேடம். தெனம் பக்கத்துல உக்காந்து சொல்லி சொல்லி புரிய வெச்சேன்."

கை தட்டினார்கள். எல்லோரும். அந்த உயரமான அம்மா போர்டில் கன்னடத்தில் 'ப்ரீதி' என்று எழுதி அடியில் கோடு போட்டார். அன்பு என்று அர்த்தம். அம்மா என் தோளைத் தொட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் பிசிபேளா பாத் போட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. கை கழுவும் இடத்தில் மிஸ் வந்து நின்றாள்.

"வுடுங்க ஆயாம்மா. நீங்க தெரிஞ்சா பண்ணீங்க. யாருக்கும் தெரியாது."

"உனக்கு தெரியும்ல."

அவள் குழாயை மூடிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை முதல் நான் அந்தப் பெண்ணை மணிக்கு அடியில் நிற்க வைக்கவில்லை. ஆனால் அவளே வந்து நின்றாள். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்து சுவரை ஒட்டி நின்று கையைத் தொங்கவிட்டாள். நான் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போக நினைத்தேன். என் கை பட்டதும் உடம்பு விறைத்தது. விட்டுவிட்டேன். மெதுவாக மணி அடித்தேன். தண்டவாளம் மெதுவாக அடித்தாலும் சத்தம்தான்.

அந்த டிரெயினிங்காரர்கள் மாசத்துக்கு ஒரு தடவை அம்மாவையும் பிள்ளையையும் வரச் சொன்னார்கள். பேச்சு எப்போது நின்றது, அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்களாம். பள்ளியில் ஏதாவது நடந்ததா என்று பெரிய மிஸ்ஸுக்கும் போன் வந்தது. "நத்திங் மேடம், ஷி இஸ் வெரி ஹாப்பி ஹியர்" என்று அவர் சொன்னதை நான் ஜன்னலுக்கு வெளியே துணி பிழிந்துகொண்டே கேட்டேன். எனக்கு இங்கிலீஷ் வராது. அது புரிந்தது.

மார்ச் மாதம் ஒரு காலை அம்மா எட்டரை மணிக்குப் பிள்ளையோடு வந்தாள். அவசரம் இல்லாமல் நடந்து வந்தாள்.

"வேன் வுட்டுட்டியாம்மா?"

"வேலைய வுட்டுட்டேன் ஆயாம்மா."

"ஏன்?"

"கணக்கு போட்டு பாத்தேன். நான் ஓ.டி. போக ஆரம்பிச்ச மாசந்தான் இவ பேச்சு நின்னுச்சு. அம்மா வரும் அம்மா வரும்னு சொல்லி சொல்லி பாத்துட்டு, நான் வரலன்னதும் வாய மூடிக்கிச்சி புள்ள. என்னாலதான்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவங்கப்பாவும் அதேதான் சொல்றாரு. ஓ.டி. காசுல புடவ வேணும்னு அலைஞ்சேன்னு."

அவள் தனக்கு வாங்கவில்லை. எனக்கு வாங்கினாள்.

நான் வாயைத் திறந்தேன். "எல்லாம் சரியாயிடும்" என்றேன். தடியை எடுத்துக்கொண்டு மணி அடிக்கப் போனேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. டம்ளர் உடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் சொல்லாமல் கிளம்பினேன். அவர்கள் வீடு பள்ளியில் இருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரு அறை. அப்பா வண்டி ஓட்டப் போயிருந்தார். அம்மா அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க ஆயாம்மா, என்னா அதிசயம், ஒக்காருங்க" என்றாள். பிள்ளை கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தாள்.

சுவரில் புத்தர் படம் போட்ட காலண்டர். பக்கத்தில் கடிகாரம். ஒன்பதுக்கு ஆறு நிமிஷம் இருந்தது. நான் அந்த நேரத்துக்கு என்று வரவில்லை. வந்தது அப்படி ஆனது.

பிள்ளை கட்டிலுக்குக் கீழே இருந்து வந்தாள். காலண்டருக்குக் கீழே போனாள். முதுகைச் சுவரில் ஒட்டினாள். இரண்டு கையையும் தொங்கவிட்டாள். அது தொங்கவிட்ட கை இல்லை. மணிக்கட்டு இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருந்தது. ஒரே கையில் பிடித்தால் எப்படிச் சேருமோ அப்படி.

"பாத்தீங்களா" என்றாள் அம்மா. "ஒரு நாள் தப்பாது."

"அது பிரேயர் இல்லம்மா" என்றேன்.

தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

நான் சொன்னேன். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். சங்கு, என் அப்பா, அதெல்லாம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சாக்கு மாதிரி ஆகிவிடும். மாடிப்படிக்குக் கீழே நிற்க வைத்ததையும், கையைப் பிடித்ததையும், மணி அடித்ததையும் சொன்னேன். ஹாலில் பொய் சொன்னேன் என்றேன்.

தோசை கருகி வாசம் வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"எத்தினி நாளு?"

"மூணு வாரம்."

"தெனமுமா?"

"தெனம் நாலு தபா."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். ஒன்பது ஆகி ஒரு நிமிஷம் இருக்கும். பிள்ளை இன்னும் நின்றுகொண்டிருந்தாள். வராத மணிக்காக நின்றாள்.

"நான் வேலைய வுட்டேனே ஆயாம்மா" என்றாள். அப்புறம், "நான் குடுத்த புடவைய கட்டிக்கினுதான அந்த ஹால்ல எழுந்து நின்னீங்க."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருவில் இழுத்துவிட்டு நாலு பேர் எதிரே கேட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்போம். அவள் பிள்ளை பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை. "இனிமே என் பொண்ணு மேல கை வெக்காதீங்க" என்றாள். "நாளைக்கு என்கூட வாங்க. அந்த மேடம் கிட்ட நீங்க இதே மாதிரி சொல்லணும்."

போனோம். பஸ்ஸில் அவள் முன் சீட்டில், நான் பின் சீட்டில். உயரமான அம்மா கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. எத்தனை நாள், எந்தெந்த நேரம், எந்தக் கை, எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "அன்னைக்கே சொல்லி இருந்தா ரெண்டு மாசம் மிச்சமாயிருக்கும்" என்றார். அவ்வளவுதான். அம்மாவிடம் மட்டும் திரும்பி, "இது உங்க ஓ.டி.யால இல்லம்மா" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

பெரிய மிஸ்ஸுக்குக் கோபம். "ஏன் ஆயாம்மா இதெல்லாம் வெளிய சொல்றீங்க? ஸ்கூல் பேரு என்னாறது? நானா கைய பிடிக்க சொன்னேன்?" மணி வேலை புதிதாக வந்த வாட்ச்மேனுக்குப் போனது. அதுவும் சரிதான். சத்தம் குறைவான கரண்ட் மணி வைக்கும்படி உயரமான அம்மா கேட்டார். பெரிய மிஸ் முடியாது என்றார். அப்படியானால் மணிக்கு முன்பே பிள்ளைக்குத் தெரிய வேண்டும், கை மறுபடி மேலே போக வேண்டும், ஆனால் யாரும் பிடித்துத் தூக்கக் கூடாது, யாராவது செய்வதைப் பார்த்து அதுவாகச் செய்ய வேண்டும் என்றார்.

"நான் செய்யறேன்" என்றேன். அம்மா என்னைப் பார்க்காமல், "தூரமா நின்னு செய்யட்டும்" என்றாள்.

அப்படித்தான் செய்தேன். தினம் நாலு தடவை. மணிக்கு ஒரு நிமிஷம் முன்பு, அவள் கண்ணில் படுகிற இடத்தில், பத்தடி தள்ளி நின்று இரண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்துவேன். மணி அடித்து முடியும் வரை எடுக்க மாட்டேன். நாற்பதை நெருங்கும் பொம்பளை, கேட்டுப் பக்கம் காதைப் பொத்திக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏழாவது பசங்கள் என் பின்னாலேயே வரிசையாக நின்று அதே மாதிரி செய்து காட்டினார்கள். "ஆயாக்கு கரண்டு பிடிச்சிக்கிச்சி டோய்" என்றார்கள்.

வாட்ச்மேன் தடியோடு நின்று கேட்டார். "ஏன் ஆயா, நான் அடிக்கிறது அவ்ளோ கேவலமாவா கீது?"

"நல்லாத்தான் அடிக்கற. அடி."

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் பரவாயில்லை. மற்றதுக்கு முன்னால் அது ஒன்றும் இல்லை.

ஏப்ரல் போனது. லீவு முடிந்து ஜூன் வந்தது. இரண்டாம் வகுப்பு. அவள் சுவரை ஒட்டி நிற்பாள், கை கீழேயே இருக்கும். என்னைப் பார்ப்பாளா என்றுகூடத் தெரியாது. ஆகஸ்ட் மாதம் ஒரு சாப்பாட்டு மணிக்கு, சேர்ந்திருந்த மணிக்கட்டு பிரிந்தது. மறுநாள் ஒரு கை நெஞ்சு வரை வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. தசராவுக்கு முந்தின வாரம், ரீசஸ் மணி, வாட்ச்மேன் தடியை ஓங்கினார். அவள் இரண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்தினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மணி அடித்தது. கத்தவில்லை. கையை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் கேட்டில் அம்மாவிடம் போனேன். அதற்குள் அவளுக்கு வேறொரு கார்மெண்ட்ஸில் பகல் ஷிப்டு மட்டும் கிடைத்திருந்தது.

"இன்னிக்கு கைய தூக்குச்சி."

"தெரியும். வூட்லயும் தூக்குது." பிள்ளையின் பையை வாங்கி மாட்டிக்கொண்டாள். "மிஸ் சொன்னாங்க" என்று சேர்த்துச் சொன்னாள். நடந்தாள்.

அடுத்த வருஷம் அவர்களுக்கு வேறு பள்ளி கிடைத்தது. போகும்போது "தண்ணி" வந்திருந்தது. "வேணா" வந்திருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

உயரமான அம்மா பிறகு என்னை டிரெயினிங்குக்குக் கூப்பிட்டார். ஆயாக்களுக்கு நீங்கள் சொன்னால் புரியும் என்றார். முதல் தடவை உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை போனேன். நாலைந்து ஹாலில் சொல்லி இருக்கிறேன். பெரிதாகப் பேச மாட்டேன். என்ன செய்தேன், எத்தனை நாள் செய்தேன், கேட்டபோது என்ன பொய் சொன்னேன், அவ்வளவுதான். அப்பாவையும் சங்கையும் அங்கேயும் சொல்வதில்லை. யாரும் கை தட்டுவதில்லை. ஒவ்வொரு ஹாலிலும் யாராவது ஒருத்தி முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொள்வாள். எனக்குத் தெரிந்துவிடும். நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். வெளியே டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பாள். சில பேர் சொல்வார்கள். சில பேர் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள்.

ஊதாப் புடவையை மறுபடி கட்டவில்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

ஐந்தாறு வருஷம் கழித்து அந்தப் பெண்ணை ஓசூர் ரோட்டில் பார்த்தேன். எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் அம்மாவோடு நின்றாள். வளர்ந்துவிட்டாள். அம்மா தோளுக்கு வந்துவிட்டாள். அதே சுருட்டை முடி. ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. அவள் இரண்டு கையையும் தூக்கிக் காதை நன்றாக அழுத்திப் பொத்தினாள். பக்கத்தில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. அம்மாவும் கையை இறக்கச் சொல்லவில்லை.

லாரி போன பிறகுதான் என் கையும் காதில் இருப்பது தெரிந்தது. அம்மா இந்தப் பக்கம் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் கையை எடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். ரோட்டைக் கடந்து போகவில்லை.